மூன்று மாதச் சமாச்சாரம்

தண்டனை என்னவோ மூன்று மாதம்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் அந்த வீட்டில் ஒருவர் மண்டையிலும் அது ஏறவில்லை. மூன்று மாதம் என்பது குற்றாலத்தில் ஒரு சாரல் சீசன். அருவியில் தண்ணீர் விழத் தொடங்கி, கூட்டம் வந்து, கடை போட்டு, கடையைக் கழற்றி அடுக்குகிற நேரம். அவ்வளவு நாள் குற்றாலீஸ்வரன் துபாய்ச் சிறையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவர்களே விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். திருவனந்தபுரத்தில் இறங்கி, செங்கோட்டை வழியாகத் திருக்கார்த்திகைக்கு வீடு வந்துவிடலாம். அவன் அப்படித்தான் வந்தும் சேரப்போகிறான். அதற்குள் வீட்டில் இருந்தவர்கள் செய்து வைத்த காரியம்தான் கதை.

செய்தியைக் கொண்டுவந்தவர் கடையநல்லூர் துல்கர்னைன். ஆவணி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிற மேலகரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டை விசாரித்துக்கொண்டு வெயிலில் நடந்து வந்திருந்தார். இருபத்திரண்டு வருஷம் வளைகுடாவில் தையல் மிஷின் மிதித்துவிட்டு ஊர் திரும்பியவர். அவருடைய மகன் ஹுஸைஃபாவும் குற்றாலீஸ்வரனும் அங்கே ஒரே அறையில் தங்கியிருந்தார்கள். குற்றாலீஸ்வரன் லாரி டிரைவர், ஹுஸைஃபா ஏசி மெக்கானிக். பக்கத்து ஊர்க்காரர் என்ற பாசத்தில் இரண்டு பேருக்கும் ஹுஸைஃபாதான் சமைப்பான்.

குற்றாலீஸ்வரனின் மனைவி சங்கரேஸ்வரி நாற்காலி எடுத்துப் போட்டாள். மாமியார் தங்கத்தாய் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள்.

"பதறாத தாயி. உயிருக்கு ஒண்ணுமில்ல" என்று ஆரம்பித்தார் துல்கர்னைன். "வண்டிய ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு போஸ்ட்ல லேசா தட்டிட்டான். அங்கன சட்டம், தட்டுனா மூத்திரம் பிடிச்சுப் பாப்பாவ. அதுல என்னமோ மருந்து இருந்துச்சாம். வலி மாத்திர, தூக்க மாத்திர மாரி. அந்த ஊர்ல அதெல்லாம் போதைக் கணக்கு. கோர்ட்ல மூணு மாசம் போட்டுட்டாவ. முடிஞ்சதும் ஊருக்கு ஏத்தி விட்டுருவாவ."

"அவிய சாராயத்தத் தவிர ஒண்ணையும் தொட மாட்டாவளே மாமா" என்றாள் சங்கரேஸ்வரி. சொல்லும்போதே அவள் கண் சமையலறைப் பக்கம் போயிற்று.

"அதத்தான் அவனும் சொல்லிக்கிட்டுக் கெடக்கான். எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு. அதுதான் நல்லது. நான் சொல்லுதத நல்லாக் கேட்டுக்கோ. சாப்பிட்டவனுக்கு மாசக் கணக்கு. கொண்டாந்தவன், குடுத்தவன்னு ஒரு பேரு விழுந்துச்சுன்னா வருசக் கணக்கு. ஊர்ல இருந்து ஒதவி செய்யுதோம்னு யாரும் ஒரு துண்டுக் காயிதம் எழுதிப் போடப்படாது. இருபத்திரண்டு வருசத்துல நான் எத்தன பேரப் பாத்துருக்கேன். காயிதம் எழுதுனவன்லாம் கெட்டான்."

சங்கரேஸ்வரி கொடுத்த மோரைக் குடித்தார். ஹுஸைஃபா வெள்ளிக்கிழமை தோறும் சிறைக்குப் போய் சோப்பும் உள்ளாடையும் கொடுத்துவிட்டு வருகிறான் என்று சொல்லிவிட்டு, வந்த வழியே பஸ்ஸுக்கு நடந்தார்.

அவர் தலை மறைந்ததும் தங்கத்தாய் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். மருமகளும் மாமியாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் தெரிந்த விஷயம்தான்.

குற்றாலீஸ்வரன் போன ஆனியில் நாற்பது நாள் லீவில் வந்திருந்தான். முதல் பத்து நாளும் வழக்கம்போல் போயிற்று. காலையில் ஆரம்பிப்பான், மதியத்துக்குள் யாரையாவது அடித்திருப்பான், அந்த யாராவது பெரும்பாலும் சங்கரேஸ்வரி. ஒன்பதாம் நாள் அவள் காதுக்குப் பக்கத்தில் வீங்கியதைப் பார்த்துத் தங்கத்தாய்க்கே பொறுக்கவில்லை. மருமகள் மேல் இரக்கம் என்று சொல்ல முடியாது, விருந்தாளிகள் வரும் சமயத்தில் வீங்கிய முகம் பார்க்க நன்றாயில்லை. ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் தார்பாய் கட்டி வேர், பட்டை, தைலம் விற்கிற ஒருவனிடம் மருமகளைக் கூட்டிப்போனாள். குடியை மறக்கடிக்கிற மருந்து. சோற்றிலும் குழம்பிலும் கலந்து கொடுக்கலாம், ருசி தெரியாது, குடிக்கிறவருக்குச் சொல்லவே வேண்டாம். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் எல்லாம் ஒட்டியிருப்பார்களே, அதே சங்கதி. மலை மூலிகை என்றான். மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரைகளை அம்மியில் வைத்துப் பொடித்து அவன் சேர்க்கிறான் என்பது யாருக்குத் தெரியும்?

மருந்து வேலை செய்தது. அதுதான் கொடுமை. மூன்றாம் நாளே குற்றாலீஸ்வரன் குரலைத் தாழ்த்திப் பேசினான். ஐந்தாம் நாள் அவளை பைக்கில் வைத்துப் பழைய குற்றாலத்துக்குக் கூட்டிப்போனான். பாலத்துச் சுவரில் உட்கார்ந்து மங்குஸ்தான் பழத்தை உடைத்து, வெள்ளைச் சுளையை எடுத்து அவள் வாயில் வைத்தான். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அந்தக் கை அவள் வாய்ப்பக்கம் அப்படி வந்ததே இல்லை. பொடியின் வேலை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் சந்தோஷப்பட்டாள். ஒரு சிட்டிகை என்று சொன்னதை ஒன்றரை ஆக்கினாள், பிறகு இரண்டு. அந்த முப்பது நாள் மாதிரி ஒரு முப்பது நாள் அவளுக்கு அதற்கு முன்பு வாய்த்ததே இல்லை.

அவன் கிளம்புகிற நாள் நெருங்க நெருங்க அவளுக்குப் பயம் வந்தது. போய்ச் சேர்ந்ததும் போனில் பழைய குரல் வந்துவிடும். அதனால் துவரையும் பூண்டும் மிளகாய் வற்றலும் வறுத்துப் பருப்புப்பொடி இடித்தாள். மீதி இருந்த மருந்து முழுவதையும் அதில் கொட்டிக் கிளறி, ஒரு பெரிய பாட்டிலில் அடைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டிப் பெட்டியில் வைத்தாள். இதைத் தங்கத்தாய்க்குக்கூட அவள் சொல்லவில்லை. இப்போது சொன்னாள்.

"அடிப் பாவி! துபாய்க்கும் குடுத்தா விட்ட?" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள் தங்கத்தாய். "எம்மவன ஜெயிலுக்கு அனுப்பிச்சதே நீதானட்டி!"

"நீங்கதான அத்த கூட்டிட்டுப் போனிய."

"நான் கடயக் காட்டுனேன். கலந்த கை யாரு கை?"

அன்றோடு தங்கத்தாய்க்கு ஐந்தருவி ரோடே மறந்துபோனது. வீட்டுக்கு வந்தவர்களிடம் மகனுக்கு அங்கே காலில் முறிவு, ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்று சொன்னாள். சொல்லும்போது உண்மையாகவே அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை தங்கத்தாயின் மூத்த மகன் சங்கிலிப்பாண்டி வந்தான். போலீசில் ஏட்டு. வேலை பார்க்கிற ஸ்டேஷன் சுரண்டைப் பக்கம் எங்கோ. பத்தொன்பது வருஷ சர்வீசில் அவன் ஒரு பாடம் படித்திருந்தான்: மாட்டிக்கொண்டவன் இன்னொருவனைக் கைகாட்டினால் கேஸ் இளகும். அவன் ஸ்டேஷனில் அப்படித்தான் நடந்தது. உலகம் முழுக்க ஸ்டேஷன் என்றால் ஒரே மாதிரி என்று அவன் நினைத்தான். கடல் தாண்டிய ஊரின் சட்டத்தையும் அவன் அந்த ஸ்டேஷன் மேஜையில் உட்கார்ந்தே எழுதித் தீர்த்துவிட்டான்.

தாய் சொன்னதையெல்லாம் கேட்டு, டீயைக் குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டான்.

"அப்பீலுக்கு இன்னும் எட்டு நாள் இருக்கு. கூட இருக்கவன் எவன்?"

"கடையநல்லூர்ப் பையன். பாய் மவன்" என்றாள் தங்கத்தாய்.

"அது போதும். அவன்தான் முதுகு வலிக்குன்னு மாத்திரயப் பொடிச்சுக் குடுத்தான், எம்புருசன் தெரியாமச் சாப்பிட்டுட்டாருன்னு இவ ஒரு அபிடவிட் குடுக்கட்டும். தெரியாமச் சாப்பிட்டவன விட்டுத்தான ஆகணும்?"

சங்கரேஸ்வரி முன்னால் வந்தாள். "பெரியத்தான், அந்த மாமா வந்து சொல்லிட்டுப் போனாவ. ஒரு காயிதமும் எழுதாதீய, எழுதுனா கெட்டுரும்னு."

"அவன் ஏன் சொல்ல மாட்டான்? மவன் பேரு வந்துரும்னு பயம்."

"அந்தப் பையன் ஒரு பாவமும் அறியாதவன். சோப்புக் கொண்டு போயிக் குடுக்கானாம். மூணு மாசம்தான. அவிய தானா வந்துருவாவ."

"மூணு மாசம் கழிச்சு வந்து என்ன கேப்பான்? மூத்திரத்துல எப்படி வந்துச்சுன்னு கேப்பான். ஒனக்குச் சொல்லத் தெரியுமா? நான் சொல்லட்டா?" சங்கிலிப்பாண்டி குரலை உயர்த்தவே இல்லை. "இந்தா பாரு சங்கரி. நீ கையெழுத்துப் போட்டா, குடுத்தவன் அவன். போடலன்னா, குடுத்தது யாருன்னு எந்தம்பிக்குத் தெரிஞ்சு போவும். சாராயம் போட்டுட்டு அவன் என்ன செய்வான்னு ஒனக்கே தெரியும். எனக்கென்ன வந்துச்சு."

தங்கத்தாய் அந்தப் பக்கம் திரும்பி வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் சங்கரேஸ்வரி சோறு இறங்காமல் கிடந்தாள். ஹுஸைஃபாவை அவள் பார்த்ததில்லை. வீடியோ காலில் ஒரு தடவை அவன் பின்னால் நின்று, தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு, "மதினி, பொடி சூப்பர்" என்று சொன்னது மட்டும் நினைவிருந்தது. அப்போது அவளுக்குத் திக்கென்றது. இரண்டு பேரும் சாப்பிடுவார்கள் என்று அவள் யோசிக்கவில்லை. சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இப்போது அவளுடைய மனம் கணவன் வாசலில் வந்து நிற்பதை மட்டும்தான் பார்த்தது. மங்குஸ்தான் ஊட்டிய கணவனா, காதோரம் வீங்க வைத்த கணவனா என்று அது சொல்ல மாட்டேன் என்றது.

புதன்கிழமை தென்காசிக் கோர்ட்டுக்கு எதிரில் மாடியில் இருந்த நோட்டரி வக்கீலின் அறைக்குச் சங்கிலிப்பாண்டி அவளைக் கூட்டிப்போனான். யூனிபார்மில் வந்திருந்தான். வக்கீல் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"படிச்சுப் பாத்தியாம்மா? இதுல இருக்கிறதெல்லாம் உனக்குத் தெரிஞ்ச உண்மைதான?"

அவள் பன்னிரண்டாம் வகுப்பு படித்தவள். ஒவ்வொரு வரியையும் படித்திருந்தாள். "ஆமா சார்" என்றாள். மூன்று பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள். முத்திரை குத்தினார்கள். அதை மொழிபெயர்த்து அனுப்புகிற ஏற்பாட்டைச் சங்கிலிப்பாண்டி பார்த்துக்கொண்டான்.

மறுநாள் சிறையிலிருந்து குற்றாலீஸ்வரன் பேசினான். வாரத்துக்கு ஐந்து நிமிஷம் கொடுப்பார்கள். சங்கிலிப்பாண்டி போனை ஸ்பீக்கரில் போட்டு, சொல்ல வேண்டியதைச் சொன்னான்.

"அவன் எனக்கு ஒண்ணும் குடுக்கலயேண்ணே" என்றது அந்தப் பக்கக் குரல்.

"குடுத்தான்னு சொல்லுலே. சொன்னியன்னா வெளிய வந்துருவ."

ஐந்து நிமிஷத்தில் ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் பேச்சே இல்லை. ஒரு மனிதன் கெட்டுப்போக அவ்வளவு நேரம் போதும் போலிருக்கிறது. பிறகு "சரி" என்றான்.

அடுத்த வாரத்து வெள்ளிக்கிழமை ஹுஸைஃபா வழக்கம்போல் சோப்பும் பனியனும் எடுத்துக்கொண்டு சிறைக்குப் போனான். பெயர் எழுதுகிற இடத்திலேயே அவனைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அவனுக்கும் சோதனை நடந்தது, அதே மருந்து அவன் மூத்திரத்திலும் இருந்தது. அறையைத் திறந்து பார்த்தார்கள். சமையல் சாமான் எல்லாம் அவன் அலமாரியில்தான் இருக்கும். பருப்புப்பொடி பாட்டிலை எடுத்துக்கொண்டு போனார்கள். பாதிக்குமேல் மீதி இருந்தது.

அதுவரை அவர்களிடம் இருந்தது ஒருத்தன் மூத்திரம் மட்டும்தான். இப்போது பொருள் கிடைத்தது, ஆள் கிடைத்தான், கொடுத்தான் என்பதற்கு முத்திரை குத்திய சாட்சியும் கிடைத்தது. ஐப்பசியில் தீர்ப்பு வந்தது. ஹுஸைஃபாவுக்கு ஏழு வருஷம்.

குற்றாலீஸ்வரனின் அப்பீலில் ஒரு நாள்கூடக் குறையவில்லை. தெரிந்து சாப்பிட்டானோ தெரியாமல் சாப்பிட்டானோ, மூன்று மாதம் மூன்று மாதம்தான் என்று சொல்லிவிட்டார்கள். இன்னும் பதினெட்டு நாள் பாக்கி. போனில் அவன் இப்போது வேறு மாதிரி பேசினான். "யோசிச்சுப் பாத்தா அந்தப் பய குடுத்த டீயிலதாம்ட்டி எதையோ போட்டுருக்கான். சிரிச்சுக்கிட்டே குடுப்பான். நம்ப முடியுமா ஒருத்தன?" அவன் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே நம்ப ஆரம்பித்திருந்தான். சங்கரேஸ்வரி ம் கொட்டினாள்.

அந்த வாரம் மழை விட்ட ஒரு மதியத்தில் துல்கர்னைன் மறுபடி வந்தார். சங்கிலிப்பாண்டி லீவில் வீட்டில் இருந்தான். பனியனோடு உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தவன் எழுந்திருக்கவில்லை. இரண்டு மாதத்தில் அந்த மனிதர் பத்து வருஷம் மூத்துப்போயிருந்தார். செருப்பை வெளியே விட்டவர் நாற்காலியில் உட்காராமல் நின்றார்.

சண்டைக்கு வந்திருக்கிறார் என்று தங்கத்தாய் முந்தானையை இறுக்கிச் செருகினாள். அவர் சண்டைக்கு வரவில்லை.

"ஏட்டையா, நான் ஒங்ககிட்ட ஒண்ணும் கேக்க வரல. இந்தப் பிள்ளகிட்ட ஒரு வார்த்த கேக்கணும். கேட்டுட்டுப் போயிருதேன்."

"கேளும் பாய்" என்றான் சங்கிலிப்பாண்டி, டிவியின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே.

துல்கர்னைன் சங்கரேஸ்வரியைப் பார்த்தார். "தாயி, எம்மவன் போன்ல சொல்லுதான். வாப்பா, அது அண்ணன் வீட்டுப் பொடி, மதினி அரைச்சுக் குடுத்து விட்டதுன்னு. அழுதுக்கிட்டே சொல்லுதான். இன்னொரு பக்கம் ஒன் கையெழுத்துப் போட்ட காயிதம் இருக்கு. வெளிநாட்டுல பிள்ளையள் கெட்டுப் போறத நான் பாத்துருக்கேன். எம்பிள்ள அப்படி இல்லன்னுதான் நெனச்சேன். எல்லாத் தகப்பனும் அப்படித்தான நெனப்பான்? அவன நம்பவா, காயிதத்த நம்பவான்னு எனக்குத் தெரியல. நாளைக்கு அப்பீலுக்குக் கடைசி நாள். ஒரு வக்கீல் நான் சொல்லுதத எதிர்பாத்துக்கிட்டு இருக்காரு. அவரு சொல்லுதாரு, அந்தப் பொடி வீட்டுப் பொடிதான்னு அந்தப் பொண்ணு ஒரு வார்த்த சொன்னாப் போதும், கேஸு வேற மாதிரின்னு. நீ குடும்பத்துப் பிள்ள. நான் மொத நாள் வந்தப்போ மோர் கொண்டாந்து குடுத்தியே, அன்னைக்கே பாத்தேன். நீ என்ன சொல்லுதியோ அத நான் நம்புதேன். அது ஒங்க வீட்டுப் பொடியா?"

சங்கரேஸ்வரிக்கு வாய் திறந்துவிட்டது. "மாமா" என்றாள். உண்மை நாக்கு நுனிவரை வந்து நின்றது, அவளுக்கே அது தெரிந்தது. சங்கிலிப்பாண்டி அவளைப் பார்க்கவில்லை. ரிமோட்டைத் தொடைமேல் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தான். தங்கத்தாய் சுவரில் மாட்டியிருந்த மகன் போட்டோவைப் பார்த்தாள். பதினெட்டு நாள். பதினெட்டாம் நாள் அந்த ஆள் வாசலில் வந்து நிற்பான், அவளிடம் பொடியும் இல்லை.

"எங்க வீட்டுப் பொடி இல்ல மாமா" என்றாள். "நான் ஒண்ணும் குடுத்து விடல."

துல்கர்னைன் தலையை ஆட்டினார். கோபமோ சந்தேகமோ அந்த முகத்தில் வரும் என்று அவள் காத்திருந்தாள். வந்திருந்தால் தாங்கியிருப்பாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். இரண்டு தடவை தப்பாக அழுத்தினார். மூன்றாவது தடவை கிடைத்தது.

"வக்கீல் சார், துல்கர்னைன் பேசுதேன். அப்பீல் வேண்டாம் சார். ஆமா, விசாரிச்சுட்டேன். எம்பையன்தான் செஞ்சிருக்கான். செஞ்சவன் அனுபவிக்கட்டும்."

அவர் பேசி முடிக்கும் வரை அவள் நின்றாள். ஒரு வார்த்தை போதும், போனைப் பிடுங்கியிருக்கலாம், காலில் விழுந்திருக்கலாம். வெட்கக்கேடு என்னவென்றால் அவளுக்குள் முதலில் வந்தது நிம்மதி. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த அழுகையை அவர் தப்பாகப் புரிந்துகொண்டார்.

"அழாத தாயி" என்றார். "எம்பிள்ளையால ஒம்புருசன் ஜெயில்ல கெடந்துட்டான். நான் வளத்தது சரியில்ல. ஒங்கிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும்." அந்த வயதான மனிதர் அவளைப் பார்த்து இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். "மன்னிச்சிருதியா?"

டிவியில் விளம்பரம் முடிந்து படம் ஆரம்பித்தது. சங்கிலிப்பாண்டி சத்தத்தைக் கூட்டினான்.

"சரி மாமா" என்றாள் சங்கரேஸ்வரி. "பாத்துப் போயிட்டு வாங்க."